வாய் திறக்காதவர்

"எடுத்த உடன ஏசுவைப் பத்திக் கதைக்காதீங்க. முதல்ல ஆக்களோட பழகுங்க," என்று மனைவி எஸ்தர் சொல்லியிருந்தாள்.

கல்முனைக்குப் புதிதாக வந்த உபதேசியார் வேதநாயகம் அப்படியே நடந்தார். பக்கத்துத் துணிக்கடை ஆதம்பாவா காக்காவிடம் வேதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நோன்பு மாதம் முழுக்க அவர் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாலையில் அவர் தந்த கஞ்சியை மட்டும் அவரோடு சேர்ந்து குடித்தார்.

பிறை கண்ட மாலை காக்கா அவர் கையைப் பிடித்தார்.

"உங்கட மனசு எனக்கு விளங்கிட்டு. நாளைக்கு வீட்ட வாறன்."

"கர்த்தர் கதவைத் திறந்திட்டார்," என்றார் வேதநாயகம், வீட்டுக்கு வந்ததும். எஸ்தர் புதிய ஏற்பாடு ஒன்றை மேசையில் எடுத்து வைத்தாள்.

பெருநாள் காலை காக்கா பார்சலோடு வந்தார். உள்ளே புதுச் சாரனும் வெள்ளைத் தொப்பியும் இருந்தன.

"மாசம் முழுக்க நோன்பு பிடிச்சிட்டீங்க. இனி என்ன வெக்கம்? வாங்க, தொழப் போவம்."

எஸ்தரின் முகத்தைப் பார்த்ததும் காக்கா குரலைத் தாழ்த்தினார்.

"பொஞ்சாதிக்கு இன்னும் சொல்லல்லயா?"