இடது மட்டும்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேரின் அடுத்த வெர்ஷனில் எந்த வசதி இருக்கும், எது போகும் என்று வேலூர் ஆபீஸிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள் புது மேனேஜர் யோகலட்சுமி. ஆம்பூரில் கேட்டுக்கொண்டிருந்தவன் அந்த சாஃப்ட்வேரை எழுதும் எலியாஸ்.

“‘இடது மட்டும்’னு ஒரு வசதி இருக்கே, அது இன்னாங்க?”

“ஜோடியா இல்லாம, இடது கால் ஷூ மட்டும் ஆர்டர் பண்றதுக்கு மேடம்.”

“அதை ஒரே ஒரு கஸ்டமர்தான் யூஸ் பண்ணியிருக்காரு. இந்த வருஷம் அவரும் பண்ணலை. தூக்கிடலாமா?”

“தூக்கிடலாம் மேடம்.”

“போன வெர்ஷன்ல இதைத் தூக்கவே கூடாதுன்னு நீங்க பெரிய சண்டை போட்டீங்களாமே?”

“அப்ப தேவைப்பட்டுச்சு மேடம்.”

“எடுத்தா வேற எதுனா உடையுமா?”



“சாஃப்ட்வேர்ல எதுவும் உடையாது மேடம்.”

“சரி. பாவம், அந்தக் கஸ்டமருக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“அவருக்குத் தெரியும் மேடம்.”

போனை வைத்துவிட்டு அந்த வசதியை நீக்கினான்.

மேஜை மேல் மகள் கரோலினின் படம் இருந்தது. கக்கத்தில் ஊன்றுகோல், இருந்த ஒரே காலில் சிவப்பு ஷூ, வாய் நிறையச் சிரிப்பு.

காலையில் படத்துக்குப் போட்ட மாலை சரிந்திருந்தது. அதை நேராக்கினான்.