கடமான் தொடாத பூ

கொடைக்கானல் மேல்மலைப் போளூரில் பொழுது இறங்கிக்கொண்டிருக்கிறது. சோலைக்காட்டிலிருந்து கிளம்பிய மூடுபனி வேலிக் கம்புகளை ஒவ்வொன்றாக விழுங்குகிறது. வடிவுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. கன்னிவாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஆசையாக நட்ட ரோஜாச் செடிகளைக் கடமான் ராத்திரி ராத்திரியாக வந்து மொட்டையடித்துவிட்டது. மூலையில் ஒரு செடி, அதில் ஒற்றை மொட்டு, அவ்வளவுதான் மிச்சம். மலையேறியதிலிருந்து அவள் பூ வைக்காமல் வெறுந்தலையாகத்தான் திரிகிறாள். கடமான் வாய்வைக்காத செடி என்று புருஷன் ஞானவேல் கொடைக்கானலிலிருந்து மட்டக்குதிரையில் ஏற்றிவந்தவற்றைக் கிள்ளிக் கசக்கி முகர்கிறாள். ஜெரேனியம் மூக்கைத் துளைக்கிறது. துலுக்கச் சாமந்தி குமட்டுகிறது. இரண்டையும் உதறிவிட்டு மறுபடி வேலிவரை நடந்து திரும்புகிறாள்.

“அது திங்காத பூவைத் தலையில வைக்க முடியாது. தலையில வைக்கிற பூவை அது விடாது. நான் என்னத்தைங்க நட?”

“பொறு புள்ள. பூண்டு வாடைக்கு அது கிட்ட வராது.” ஞானவேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த ஒற்றைச் செடியைச் சுற்றி விதைப்பூண்டை ஒவ்வொரு பல்லாக ஊன்றுகிறான். ஈரமண்ணில் அவன் கட்டைவிரல் புதைந்து புதைந்து எழுகிறது.

“இது என்னைக்கு முளைச்சு, என்னைக்கு நாறி...”

“வெரசா முளைச்சிரும். அதுக்குள்ள மொட்டும் விரிஞ்சிரும்.”

சோலைக்குள் கடமான் ஒருமுறை கத்துகிறது. மிகவும் பக்கத்தில். அவன் கை பாதியில் நிற்கிறது. வடிவு பூண்டு வட்டத்தை ஒரே எட்டில் தாண்டி, விரியாத மொட்டைக் கிள்ளிக் கொண்டையில் செருகிக்கொள்கிறாள்.

“இப்ப வரச் சொல்லுங்க.”