வாலு கூப்பிடவில்லை

மின்விசிறி சுற்றியது, சின்ன விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

அண்ணன் மறுபடியும் அணைத்தான். மெமரி அட்டையைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து, ஊதி, மாட்டினான். மதர்போர்டில் இருந்த வட்ட பேட்டரியை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டான். இன்டர்நெட்டில் சொன்ன வைத்தியமெல்லாம் செய்தாகிவிட்டது.

காலை வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணினி அது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் அவன்தான். பட்டனைத் தட்டியதும் மதர்போர்டை முதலில் எழுப்பிவிடுகிற பயாஸ் என்ற சமாசாரம் பழசாகிவிட்டதாம். புதுசு ஏற்றினால் வேகம் பறக்கும் என்று ஒரு வீடியோவில் எவனோ அடித்துச் சொன்னான். இவனும் ஏற்றினான்.

வேகம் யாருக்கு வேண்டியிருந்தது? உள்ளதைச் சொன்னால், கணினி தங்கை வாங்கிக் கொடுத்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைத்தான் காட்டுவார். வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவனை யாருக்கும் காட்டியதில்லை. இதில் தன் கைவரிசையும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று நினைத்தான்.

நாளைக் காலை அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். கடல் தாண்டி இருக்கும் மகளோடு அவர் தன் குரலில் பேச இந்தச் சாயங்காலத்தை விட்டால் வேறு நேரம் கிடையாது.

அப்பா மத்தியானமே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தங்கை அமைத்துக் கொடுத்திருந்த ஏற்பாட்டில் அவர் ஒரு பட்டனைக்கூடத் தொட வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்தால் போதும்.

போனில் கூப்பிட்டுத் தொலைக்கலாம்தான். ஆனால் எடுத்ததுமே, கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு என்று கேட்பாள். அதை நோண்டாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து போனின் சத்தத்தை அடைத்து, மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தான். தலை நரைத்த மனிதன் செய்கிற காரியமா இது?

புது பயாஸ் முதல் தடவை எழுந்திருக்க நேரமாகும், அணைக்காமல் விடுங்கள் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தான். ஒயர்களைப் பார்ப்பதற்காகத் தன் பக்கம் திருப்பி வைத்த திரை, இருட்டாகவே நின்றது.

"கூப்பிட்டாளா?" என்றார் அப்பா. பாதி குரல், பாதி காற்று.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

"அவளுக்கு ஏதோ மீட்டிங்காம்ப்பா. இன்னைக்கு முடியாதுன்னுட்டா. அவளுக்கு என்னைக்கு நம்ம நினைப்பு இருந்திருக்கு?"

பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கடைசி வார்த்தை எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. சொல்லும்போது உள்ளே ஒரு மூலையில் இனித்தது. அதுதான் கேவலம்.

அப்பா கோபப்படவில்லை. காலரைச் சரிசெய்துகொண்டிருந்த கை மட்டும் மெல்ல மடிக்கு இறங்கியது.

"அவள ஒண்ணும் சொல்லாதடா. என் வாயால ஒரு தடவ கூப்பிட்டுரலாம்னு இருந்தேன், அவ்வளவுதான்."

பிறகு, கணினி இருந்த பக்கம் பார்த்து, "வாலு" என்றார். வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்தான். சரியாக வரவில்லை என்று பட்டதோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு முறை கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டார்.

அண்ணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

திட்டினால் திட்டட்டும் என்று போனை எடுத்துத் திருப்பினான். தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன, எல்லாம் அவளுடையவை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது.

அவள் அழுதிருந்தாள். குரலிலேயே தெரிந்தது.

"அண்ணா, அப்பா கூப்பிட்டது கேட்டுச்சு. நான் பேசறதுதான் அங்க கேக்கல போல. இங்க உன் முகம் மட்டுந்தான் தெரியுது. கேமராவ அப்பா பக்கம் திருப்பு."

கணினி எப்போதோ எழுந்துவிட்டிருந்தது. புது பயாஸோடு ஒத்துப்போகாமல், படத்தைத் திரைக்கு அனுப்புகிற அட்டை மட்டும் மக்கர் செய்திருக்கிறது. திரையும் அதிலிருந்த ஸ்பீக்கரும் செத்துக் கிடக்க, தங்கை அமைத்து வைத்திருந்தபடியே வந்த அழைப்பைக் கணினி தன்பாட்டுக்கு எடுத்து, மேலே உட்கார்ந்திருந்த கேமராவையும் திறந்து வைத்திருந்தது.

எப்போதிலிருந்து என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

கேமராவைத் திருப்பினான். அது தன்னை விட்டு நகர்ந்ததில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கும் வெட்கமாக இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"மீட்டிங் இப்பத்தான்ப்பா முடிஞ்சுது," என்றாள் தங்கை.