தீவில் பார்த்த பாம்பு

"அழுவாத எழிலு. இதுக்கு விஷமே கெடையாது," என்றான் சின்னராஜ்.

வாசலில் செத்துக் கிடந்த பாம்பை அவன் குச்சியால் புரட்டினான். எழிலரசிக்கு அவன் அண்ணன். அந்தமானில் ரோடு வேலை. லீவில் நேற்றுதான் சித்தேரிக்குத் தங்கையைப் பார்க்க வந்திருந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் விறகு உருவப் போன எழிலரசியை விரலில் பாம்பு கடித்துவிட்டது. கொழுந்தன் மாயவன் தடியோடு ஓடினான். இதை அடித்துக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மலையிறங்கும் கடைசி பஸ்ஸை நிறுத்திவைக்க அப்படியே ஓடினான்.

"நல்லவேளை, தம்பி அடிச்சிடுச்சு," என்றாள் எழிலரசி. "தப்பிச்ச பாம்பு திரும்பத் தேடி வரும்பாங்க. நெனச்சாலே ஒடம்பு நடுங்குது."

"கட்டுவிரியன் மாதிரியே இருக்குதே மச்சான்," என்றான் அவள் கணவன் இளம்பரிதி.

"அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. வெள்ளைப் பட்டை கழுத்துலயே ஆரம்பிக்குது பாரு. வாலுக்கிட்ட போவப்போவ அழிஞ்சிடுது. விரியனுக்கு நேர்மாறு. தீவுல எங்க ஷெட்டு செவுத்துல இதே மாதிரிதான் பல்லி புடிக்க ஏறும். தொட்டா சுருண்டு தலைய ஒளிச்சுக்கும், புதுப்பொண்ணாட்டம். என்னையே ஒருக்கா கடிச்சிருக்குது. மறுநாள் வேலைக்குப் போனேன்."

எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. "அதான் எனக்கு வலியே தெரியல போல."

கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா?" என்றான் இளம்பரிதி.

"அத்தன வளைவுலயும் அவ வாந்தி எடுக்கறதுக்கா? கம்முனு இரு மாப்ள."

ஹாரன் விட்டுவிட்டு அடித்தது. பிறகு பஸ் இறங்கும் சத்தம் தேய்ந்து அடங்கியது.

"தூக்கம் சொக்குதுண்ணா," என்று எழிலரசி சுவரில் சாய்ந்தாள்.

"பயம் போச்சில்ல. தூங்கு."

மாயவன் மூச்சிரைக்க ஏறி வந்தான். "டிரைவர் கையில கால்ல வுழுந்து நிறுத்தி வெச்சேன். ஏன் வரல?"

"இந்தப் பாம்புக்கு விஷம் இல்லடா. மச்சான் பாத்துட்டாரு," என்றான் இளம்பரிதி.

மாயவன் பாம்பைப் பார்த்தான். பாதி மூடியிருந்த அண்ணியின் கண்களைப் பார்த்தான். அங்கேயே உட்கார்ந்தான்.

"கடிச்சது பொந்துக்குள்ள பூந்துடுச்சிண்ணா," என்றான். "தப்பிச்சிட்டுதுன்னா அண்ணி பயந்துக்குமேன்னு, வேலியோரம் போன இத அடிச்சிக் கொண்டாந்தேன்."