மேய்ப்பரின் அவரைக்கொடி

மேய்ப்பர் தொழுவத்தின் நடுவிலேயே ஓர் அவரைக்கொடியை நட்டு, வேலி போடாமல் விட்டு, யாரும் அதில் வாய் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பசி தாங்காமல் வெள்ளாடு ஒருநாள் ஓர் இலையைக் கடித்துவிட்டது. அதை இழுத்துக்கொண்டு போய் நிழலே இல்லாத பாறையில் கட்டினார். இனி என்றென்றைக்கும் அவிழ்ப்பதில்லை என்றார்.

தாயில்லாமல் அந்த வெள்ளாட்டின் பாலைக் குடித்து வளர்ந்த செம்மறி ஒன்று அங்கே இருந்தது. பாறையிலிருந்து கத்தல் கேட்கக் கேட்க அதற்குப் புல் இறங்கவில்லை. மேய்ப்பரிடமே போய் நின்றது.

"ஐயா, ஒரு இலைதானே?"

"இலை சின்னதுதான். ஆனால் அது என் இலை. நான் எவ்வளவு பெரியவன் என்று உனக்குத் தெரியாதா? என்னை மீறினால் தண்டனையும் அவ்வளவு பெரிதாகத்தான் இருக்கும்."

"அவ்வளவு பெரியவருக்கு ஒரு இலை போனால் என்ன குறைந்துவிடும், ஐயா?"

மேய்ப்பர் பாறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு செம்மறியைப் பார்த்தார்.

"நீ என்னை நேசிக்கிறாய் அல்லவா?" என்று கேட்டார்.

பாறையில் இன்னோர் ஆட்டைக் கட்டவும் இடம் இருந்தது. செம்மறி அவர் கையை நக்கியது. அவர் மனம் குளிர்ந்து அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்.