வலது பக்கத்து நாற்காலி

முதலில் கை வைத்தது என் சம்பந்திதான்.

வாராவாரம் கார்டு கடையில் எட்டுப் பேர் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாக்கெட் பிரித்து, ஒரு கார்டை எடுத்து எல்லாருக்கும் தெரிய முன்னால் வைத்துவிட்டு, மிச்சத்தை இடது பக்கம் தள்ள வேண்டும். அப்படிச் சேர்ந்த கார்டுகளை வைத்துத்தான் ஆட்டம். எனக்கு வலது பக்கம் சம்பந்தி. அவர் கழித்ததுதான் எனக்கு வரும்.

அன்றைக்கு ஆட்டத்தில் கடைசி இடம் பிடிக்கிறவருக்கு இனி நாற்காலி கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். மூன்று வாரமாகக் கடைசி நான்தான்.

நான் சேர்ப்பது நெருப்பு கார்டு, அவர் தண்ணீர் கார்டு. இருந்தும் நெருப்பு டிராகன் கார்டை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

"அது உங்களுக்கு எதுக்குங்க?"

"சும்மாதான் சம்பந்தி. அழகா இருக்கு."

"பொண்ணைக் குடுத்திருக்கேனேன்னு பாக்கறேன். இல்லேன்னா நடக்கறதே வேற!"

"சட்டத்துல இடம் இருக்கு." சிரிப்பு வேறு.

இரண்டாவது பாக்கெட் வலது பக்கம் போகும். இப்போது நான் கழித்ததுதான் அவருக்கு. வந்த தண்ணீர் கார்டை ஒன்று விடாமல் நானே எடுத்தேன்.

"தண்ணி உங்களுக்கு எதுக்கு?" என்றார் எதிரே இருந்த தையல்காரர்.

"சட்டத்துல இடம் இருக்கு!"

ஆட்டம் முடிந்தது. நான் மூன்றாவது. சம்பந்தி கடைசி.

எழுந்து கை நீட்டினார். "நல்லா ஆடினீங்க."

நான் கார்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அவர் நாற்காலியை எடுக்க வந்த கடைக்காரப் பெண் என்னை முறைத்தாள்.

"டிராகனை இறக்கணும், இறக்கணும்னு காத்திருந்தே மூணு வாரமும் தோத்தீங்க. அதான் அதை உங்க கண்ணுல படாம எடுத்துட்டாரு. நல்ல நெருப்பு கார்டையெல்லாம் உங்களுக்கு விட்டுட்டு உதவாததாப் பாத்துப் பொறுக்கினாரு. 'எங்க சம்பந்தி நாற்காலி போயிடக் கூடாதும்மா'ன்னு வரும்போதே சொன்னாரு."

எனக்கு ரத்தம் கொதித்தது. இவரை யார் கேட்டார்கள்?

என் சொந்த மூளையால் பிடித்த மூன்றாம் இடம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகிற போக்கில் அதையும் சேர்த்தல்லவா தூக்கிக்கொண்டு போய்விட்டார்!

டிராகனைக்கூட விட்டுத்தருவேன். இதை அவர் திருப்பித் தந்தே ஆக வேண்டும்.