குரவை இல்லாத கலியாணம்

"குரவை இல்லாத கலியாணத்தை எங்கயாச்சும் கண்டிரிக்கீங்களா?"

அஸீஸா கேட்டது கணவர் சரீபிடம். பார்வை மட்டும் வேலிக்கு அப்பால், சல்மா உம்மாவின் வீட்டுப் பந்தலில் இருந்தது.

அங்கே சல்மா உம்மாவின் மகள் றாஹிலாவுக்குக் கலியாணம். அந்தி மஃரிபு தொழுகை முடிந்து மாப்பிள்ளையும் வந்து இறங்கிவிட்டார். பந்தல் நிறையப் பெண்கள். ஆனால் ஒரு சத்தம் இல்லை. ஸ்பீக்கர்கூடக் கட்டவில்லை.

கல்முனைக்குடியில் மாப்பிள்ளை வாசலில் கால் வைத்தால் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டே ஆகவேண்டும். அதிலும் சல்மா உம்மா போட்டால் கடற்கரை வரைக்கும் கேட்கும். யார் வீட்டுக் கலியாணமானாலும் குரவைக்கு முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் சொந்த மகள் கலியாணத்தில் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"சாவு விழுந்த மையத்து வூடு மாதிரி இரிக்கு," என்றார் சரீப்.

"எல்லாம் நம்மளுக்காகத்தான். கலியாணத்துக்கும் சொல்லல்ல. குரவை போட்டா அதையும் நாம கேட்டுச் சந்தோசப்பட்டிருவமாம். அவ்வளவு எரிச்சல்!"

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. சல்மா உம்மாவின் மகன் ஜவுபருக்கு அஸீஸாவின் மகள் நதீரா என்று சிறுவயதிலேயே பேச்சு. பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை கேட்பதுதான் இங்கே வழக்கம். சல்மா உம்மா காத்திருந்தாள். அஸீஸாவோ, "புள்ள கம்பஸ் படிப்ப முடிக்கட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். பார்த்துப் பார்த்து அலுத்த ஜவுபர் பாலமுனையில் கலியாணம் முடித்துக்கொண்டான்.

அன்றைக்குச் சல்மா உம்மா வேலியோரம் நின்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

"அப்பிடி என்ன பெரிய படிப்பு? கணக்குத்தானே! கடை வெச்சிரிக்கிற எல்லாரும் கணக்குத்தான் பாக்காங்க. அதுக்குப் பேராதனைக் கம்பஸுக்குப் போகணுமா?"

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்துபோனது.

நதீரா இப்போது உள்ளறையில் புத்தகத்தோடு கிடந்தாள். விடிந்தால் பரீட்சைக்காகப் பேராதனைக்கு பஸ் ஏறவேண்டும். போன வருடம் ஒரு பாடம் கைவிட்டிருந்தது. இந்த முறையும் கைவிட்டால் பட்டம் கிடையாது. இத்தனை வருடம் படித்த கணிதமெல்லாம் வீண்தான். சத்தம் போட்டுப் படிப்பதுதான் அவள் பழக்கம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கூச்சல்.

"உம்மா! வந்திட்டு உம்மா, வந்திட்டு!"

அஸீஸா பதறிக்கொண்டு ஓடினாள். "என்ன புள்ள வந்தது?"

"விடை உம்மா! போன முறை என்னைக் கவுத்த கணக்கு. கூட்டிக்கிட்டே போகலாம், முடிவே இல்ல. ஆனா ஒரு எல்லையத் தாண்டாது. ஏன் தாண்டாதெண்டு இப்ப விளங்கிட்டு!"

அஸீஸாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மகள் துள்ளிய துள்ளலில் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"சரி உம்மா, றாஹிலாட கலியாணம் எப்ப?"

"நல்ல கேள்வி! இப்பதான் புள்ள நடக்குது!"

நதீரா போனாள், பரீட்சை எழுதினாள், திரும்பி வந்தாள். அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் போதும், எழுந்து ஓடுவாள்.

ஒருநாள் காலையில் மணி அடித்துக்கொண்டு வந்தது தந்திக்காரன்.

தந்தி நல்ல செய்தி கொண்டுவந்ததாக அந்தத் தெருவில் சரித்திரமே இல்லை. அஸீஸா நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"யா அல்லாஹ்! ஆருக்கு என்ன ஆச்சோ!"

படபடவென்று வேலி முறிந்தது. தென்னங்கிடுகைப் பிய்த்துக்கொண்டு சல்மா உம்மா இந்தப் பக்கம் வந்து நின்றாள். முக்காடு ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம்.

"அஸீஸா! ஆருடி மவுத்து?"

பேச்சு அறுந்ததெல்லாம் இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

நதீரா தந்தியைப் பிரித்தாள். பேராதனையிலிருந்து கூட்டாளிப் பிள்ளை ஒருத்தி அடித்திருந்தாள். நதீரா வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"பாஸ்!" என்று அலறினாள். "உம்மா, நான் பாஸ்! பட்டம் கிடைச்சிட்டு!"

துள்ளிக் குதித்து, பக்கத்தில் நின்றவளைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்றது சல்மா உம்மா.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் சரீப்.

அடுத்த கணம் கிளம்பியது குரவை. சல்மா உம்மாவின் நாக்கு சுழன்றது. தென்னையில் இருந்த காகமெல்லாம் பறந்தன. தெருப் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். ஒன்று முடிந்தது, அடுத்தது. அதுவும் முடிந்தது, இன்னொன்று. நிற்பதாகத் தெரியவில்லை.

அஸீஸாவுக்குக் கண்ணில் தண்ணீர். இருந்தாலும் பழைய சந்தேகம் விடவில்லை. பரிகாசம் பண்ணுகிறாளோ?

"கொஞ்சம் நில்லு சல்மா! பெத்த மகள்ட கலியாணத்துக்கே நீ ஒரு குரவை போடல்ல. என்ட மகள்ட கணக்குக்கு என்னத்துக்கு இவ்வளவு?"

சல்மா உம்மா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அண்டைக்கு இவள் படிக்கிற சத்தம் எங்கட பந்தலுக்கே கேட்டுதே. அதான் வந்த பொம்புளயள்ற வாயெல்லாம் பொத்தி வெச்சன். தள்ளு, இவ்வளவும் நதீராக்குப் போட்டது. றாஹிலாட குரவை இன்னும் அப்பிடியே கிடக்கு!"